வெளியிடாத செய்தி வெளியே போகும் வழி: வேர்ட்பிரஸ் பிளகின்களின் அனுமதிப் பிழைகள்

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படுமா என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே, தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருந்து நடக்கும் உள்ளூர்ச் செய்தித் தளங்கள் இரண்டு செய்திகளை எழுதி வைத்துக்கொள்வதுண்டு. ஒன்று குறுவைக்குத் தண்ணீர் திறக்கப்பட்டதாகத் தொடங்கும். மற்றது இந்த ஆண்டு திறப்பு தள்ளிப்போவதாகத் தொடங்கும். நீர்மட்டம், வெளியேற்றப்படும் கனஅடி, திறந்து வைத்தவர் பெயர் ஆகியவற்றுக்கு மட்டும் இடம் காலியாக இருக்கும். அறிவிப்பு வந்த சில நிமிடங்களில் ஒன்று வெளியாகும், மற்றது குப்பைக்குப் போகும். இடைப்பட்ட நாள்களில் இரண்டும் தளத்தின் தரவுத்தளத்தில் 'வரைவு' என்ற குறியோடு கிடக்கின்றன. தள்ளிப்போவதாகச் சொல்லும் வரைவு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நாற்றங்கால் விடுவதா நேரடி விதைப்புக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தலைஞாயிறு, கீழையூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு அது யூகத்தில் எழுதியது என்று தெரிய வழியே இல்லை. தளத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்த செய்தியாகவே அது அவர் கையில் இருக்கும்.

வெளியிடாத எழுத்து இப்படி வெளியே போவதற்கு யாரும் கடவுச்சொல்லைத் திருட வேண்டியதில்லை, தளத்தை முடக்கவும் வேண்டியதில்லை. பெரும்பாலான நேரங்களில், தளத்தில் கூடுதல் வசதிக்காக நிறுவப்பட்ட துணை மென்பொருளான ஏதோ ஒரு பிளகின், கேட்கக் கூடாதவர் கேட்ட கேள்விக்குப் பணிவாகப் பதில் சொல்லிவிடுகிறது. தளம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், முகப்பில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது, ஆகவே நடந்ததை உரிமையாளர் அறிவதும் அரிது. தளத்தின் முகப்பை மாற்றி எழுதிவிட்டுப் போகிற தாக்குதலையே 'ஹேக்' என்று நினைத்துப் பழகிய நமக்கு, இது பாதுகாப்புக் கோளாறாகவே கண்ணில் படுவதில்லை.

வரைவு எங்கே இருக்கிறது

இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும், 'பி2' என்ற பழைய மென்பொருள் ஒன்றிலிருந்து கிளை பிரித்து 2003 மே மாதத்தில் வெளியிட்டார்கள். இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. காவிரிப் படுகையிலும் நிலைமை வேறல்ல. செய்தித் தளம், தனியார் கல்லூரி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், சிலை வார்க்கும் சுவாமிமலைப் பட்டறை, திருமண மண்டபம் என்று யார் தளம் போட்டாலும், அதைச் செய்துகொடுப்பவர் முதலில் நிறுவுவது வேர்ட்பிரஸ். அதன் பிறகு, தொடர்புடைய செய்திகள் காட்ட ஒரு பிளகின், தேடலுக்கு ஒன்று, பக்க வடிவமைப்புக்கு ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று, கோப்பு பதிவிறக்கத்துக்கு ஒன்று, காப்புப் பிரதிக்கு ஒன்று என்று இருபது முப்பது சேர்ந்துவிடும்.

வேர்ட்பிரஸில் வெளியான செய்தி, வரைவு, ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது, நேரம் குறித்து வைத்தது, தனிப்பட்டது, குப்பையில் போட்டது எல்லாமே ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக இருக்கின்றன. வரைவுகளுக்கென்று தனி அறை கிடையாது. அவை மறைகுறியாக்கி வைக்கப்படுவதும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் 'நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'பப்ளிஷ்' என்று எழுதியிருந்தால் செய்தி வெளியானது, 'டிராஃப்ட்' என்று எழுதியிருந்தால் வரைவு, 'ஃபியூச்சர்' என்றால் நேரம் குறித்தது. கடவுச்சொல் போட்டு மூடிய பதிவின் நிலைமை இன்னும் விசித்திரமானது: அதன் நிலையும் 'பப்ளிஷ்' என்றே இருக்கும், கடவுச்சொல் வேறொரு கட்டத்தில் இருக்கும். 'வெளியானவை மட்டும் கொடு' என்று கவனமாகக் கேட்கிற பிளகின்கூட, அந்த இரண்டாவது கட்டத்தைப் பார்க்க மறந்தால், மூடிய பதிவை முழுதாக எடுத்துக் கொடுத்துவிடும். 'தி ஈவெண்ட்ஸ் கேலண்டர்' என்ற பரவலான நிகழ்ச்சி நாள்காட்டிப் பிளகினில் 6.2.8.1 பதிப்பு வரும்வரை இருந்த பிழை (சிவிஇ-2023-6203; சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியல் எண்) இந்த வகையைச் சேர்ந்தது. உள்நுழையாத எவரும் கடவுச்சொல் போட்ட பதிவின் உள்ளடக்கத்தைப் படிக்க அது இடம் கொடுத்தது.

வேர்ட்பிரஸின் மையநிரல் ஒரு பக்கத்தைக் காட்டும்போது இந்த நிலைக் கட்டத்தைப் பார்க்கிறது, கேட்பவர் யார் என்றும் பார்க்கிறது. ஆனால் பிளகின் என்பது தரவுத்தளத்தை நேரடியாகத் தொடும் உரிமையோடு தளத்துக்குள் ஓடும் நிரல். மையநிரல் செய்யும் சோதனையைத் தானும் செய்ய வேண்டும் என்று அதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மதகின் ஷட்டரைப் பூட்டிப் பாசன ஊழியரான லஸ்கர் சாவியைக் கையில் வைத்திருந்தாலும், கரையில் எஞ்சினை வைத்து இறைப்பவருக்கு அந்தப் பூட்டு ஒரு பொருட்டில்லை அல்லவா, அதுபோன்ற ஏற்பாடு இது. ஆகவே ஒரு தளத்தின் வரைவுகள் எவ்வளவு பத்திரமாக இருக்கின்றன என்பதை வேர்ட்பிரஸ் தீர்மானிப்பதில்லை. அந்தத் தளத்திலுள்ள பிளகின்களில் எது மிகக் கவனக்குறைவாக எழுதப்பட்டதோ அது தீர்மானிக்கிறது.

'மேலும் செய்திகள்' பொத்தானுக்குப் பின்னால்

இந்தப் பிழை எப்படிப் பிறக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கும்பகோணத்தில் நான்கைந்து பேர் நடத்தும் செய்தித் தளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாபநாசம் வட்டாரத்து நிருபர், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் கேட்கிறார்கள் என்ற செய்தியைத் தன் கைபேசியிலிருந்தே தளத்தில் ஏற்றி வரைவாகச் சேமிக்கிறார். புகார் சொன்ன மூன்று விவசாயிகளின் பெயர், ஊர், எத்தனை சிப்பம் போட்டார்கள் என்ற விவரம் எல்லாம் கீழே இருக்கிறது. அதற்கும் கீழே ஆசிரியருக்கு ஒரு குறிப்பு: "அண்ணே, பேரு போட வேணாம்னு சொல்றாங்க. ஊரும் வேணாம். அடுத்த போகமும் அங்கதான் நெல்லு போடணும்." செய்தி வெளியாகும்போது இந்தக் குறிப்பும் பெயர்களும் எடுக்கப்படும். அதுவரை அவை வரைவுக்குள்தான் இருக்கும்.

அதே தளத்தின் முகப்பில், செய்திப் பட்டியலுக்கு அடியில் 'மேலும் செய்திகள்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பக்கம் முழுதும் மீண்டும் ஏறாமல் அடுத்த பத்துச் செய்திகள் வந்து சேர்கின்றன. பொத்தானை வழங்குவது ஒரு பிளகின். அழுத்தும்போது உலாவி, தளத்திலுள்ள 'அட்மின்-அஜாக்ஸ்' என்ற கோப்புக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. வேர்ட்பிரஸ் நெடுங்காலமாக இத்தகைய பின்னணிக் கோரிக்கைகளுக்கு வைத்திருக்கும் பொது வாசல் அது. நிர்வாகப் பகுதியின் கோப்புறையில் அந்தக் கோப்பு இருப்பதால், அதன் வழியாக வரும் எந்தக் கோரிக்கையையும், அனுப்பியவர் உள்நுழையாத வாசகராக இருந்தாலும், 'நிர்வாகப் பகுதியில் நடப்பது' என்றே வேர்ட்பிரஸ் கருதுகிறது.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. பதிவுகளைத் தேடி எடுக்கும் வேர்ட்பிரஸின் முதன்மைக் கருவிக்கு, எந்த நிலையிலுள்ள பதிவுகள் வேண்டும் என்று சொல்லாவிட்டால், சாதாரணப் பக்கத்தில் அது வெளியானவற்றை மட்டும் கொடுக்கும். அதே கேள்வியை நிர்வாகப் பகுதியில் கேட்டால், ஆசிரியருக்கு எல்லாம் தெரிய வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தில், வரைவு, காத்திருப்பு, நேரம் குறித்தவை ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்கும். இது ஒளிவுமறைவான குணம் அல்ல. வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. பிளகின் எழுதியவர் தன் கணினியில், ஒரு வரைவும் இல்லாத வெற்றுச் சோதனைத் தளத்தில் பொத்தானை அழுத்திப் பார்த்திருப்பார். சரியாக வேலை செய்திருக்கும். 'வெளியானவை மட்டும்' என்ற அரை வரியை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்ற அங்கே காரணமே இருந்திருக்காது. பல தளங்களில் பிளகின் தலைப்பை மட்டும் காட்டுவதால் திரையில் ஒரு வினோதமான தலைப்பு மட்டும் தெரியும். ஆனால் உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வந்த பதிலைப் பார்த்தால், செய்தியின் முழு உடலும், அண்ணனுக்கு எழுதிய குறிப்பும் உட்பட, அதில் இருக்கக்கூடும்.

இன்னொரு பொறியும் இதே இடத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸில் 'இஸ் அட்மின்' என்ற பெயரில் ஒரு சோதனை உண்டு. பெயரைப் பார்த்தால் 'இவர் நிர்வாகியா' என்று கேட்பதாகத் தோன்றும். உண்மையில் அது கேட்பது, 'இந்தக் கோரிக்கை நிர்வாகப் பகுதியிலா நடக்கிறது' என்பதைத்தான். மேலே சொன்ன வாசல் வழியாக வந்தால் யாருக்கும் அது 'ஆம்' என்று சொல்லும். அதை நம்பிக் கதவைத் திறந்த பிளகின்கள் ஏராளம். 'நான்ஸ்' எனப்படும் ஒருமுறைக் குறியீட்டை அனுமதிச் சீட்டாக நினைப்பதும் இதே வகைத் தவறு. அந்தக் குறியீடு, கோரிக்கை இந்தத் தளத்தின் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது என்பதற்குச் சாட்சியாகலாம்; கேட்பவருக்கு அந்தப் பதிவைப் படிக்கும் உரிமை இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதைக் கேட்க வேர்ட்பிரஸில் தனிச் சோதனை இருக்கிறது, பலர் அதை அழைப்பதில்லை என்பதுதான் பிழையின் வேர்.

புதிய வாசல் ஒன்று 2015 டிசம்பரில் 4.4 பதிப்போடு வந்தது. 'ரெஸ்ட் ஏபிஐ' எனப்படும் அந்த அமைப்பில், ஒவ்வொரு முகவரிக்கும் 'யாரை அனுமதிக்கலாம்' என்று சொல்லும் ஒரு சிறு நிரலை இணைக்க இடம் இருக்கிறது. இணைக்காமல் விட்டாலும் முகவரி வேலை செய்யும், எல்லோருக்கும் திறந்திருக்கும். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல், அதை விட்டுவிடும் பிளகின் ஆசிரியருக்கு எச்சரிக்கை ஒன்று காட்டப்படுகிறது. எச்சரிக்கையை வாயடைக்க 'எப்போதும் ஆம்' என்று பதில் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும் என்பதையும் பலர் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எச்சரிக்கையால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன்; பிழையைத் தேடுகிறவர்களுக்கு அந்த வரி இப்போது நல்ல அடையாளமாகிவிட்டது.

மையநிரல் மட்டும் தவறே செய்யாதது என்று இதைப் படித்து நினைத்துவிடக் கூடாது. 2019 அக்டோபரில் வெளியான 5.2.4 பதிப்பு திருத்திய பிழைகளில் ஒன்று (சிவிஇ-2019-17671), முகவரியின் இறுதியில் ஒரு சிறு அளவுருவைச் சேர்த்தால், உள்நுழையாதவருக்கும் வெளியிடப்படாத சில பக்கங்கள் தெரிந்துவிடும் என்பது. ஆனால் மையநிரலில் பிழை கண்டால் சில நாள்களில் திருத்தம் வந்து, பெரும்பாலான தளங்களில் தானாகவே நிறுவப்பட்டுவிடுகிறது. பிளகின்களுக்கு அந்த வசதி அதே 5.5 பதிப்பில்தான் வந்தது, அதையும் நாமே ஒவ்வொன்றுக்கும் இயக்கி வைக்க வேண்டும்.

எண்ணைச் சொன்னால் போதும்

உள்நுழையாத வாசகருக்கே வரைவைக் கொடுத்துவிடும் பிழைகளைவிட அதிகமாகப் பதிவாகிறவை, ஏதேனும் ஒரு கணக்கு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடும் பிழைகள். வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' என்ற நிலையிலுள்ளவர் தன் வரைவை எழுதலாம், பிறருடைய வரைவைத் திறக்க முடியாது. ஆனால் எலிமெண்டர் போன்ற பக்க வடிவமைப்புக் கருவிகளுக்குத் துணையாக வரும் பல பிளகின்கள், 'இந்த எண்ணுள்ள வார்ப்புருவை இங்கே காட்டு' என்று எழுத ஒரு சுருக்குறியைக் (ஷார்ட்கோடு) கொடுக்கின்றன. வார்ப்புருவின் எண்ணுக்குப் பதிலாக, வேறொருவர் வரைவின் எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும்? கவனமில்லாத பிளகின், கொடுத்த எண் வார்ப்புருவினுடையதுதானா என்று பார்க்காமல், அந்த வரியை எடுத்து அப்படியே அச்சிட்டுவிடும். பங்களிப்பாளர் தன் சொந்த வரைவின் முன்னோட்டத்தில் அடுத்தவர் செய்தியைப் படிப்பார். எண்களை ஊகிப்பதிலும் சிரமமில்லை. பதிவு, படம், திருத்தம் எல்லாவற்றுக்கும் வேர்ட்பிரஸ் வரிசையாகவே எண் கொடுக்கிறது. நேற்று வெளியான செய்தியின் எண் தெரிந்தால், இன்றைய வரைவு அதற்கு மேலே சில எண்களுக்குள் இருக்கும்.

'கணக்கு வைத்திருப்பவர் நம் ஆள்தானே' என்ற பதிலை இங்கே அடிக்கடி கேட்கலாம். வட்டார நிருபர்கள் ஐந்தாறு பேருக்கும் ஒரே கணக்கு, அதன் கடவுச்சொல் வாட்ஸ்அப் குழுவின் பழைய உரையாடலில் எங்கோ, வேலையை விட்டு வேறு பத்திரிகைக்குப் போனவரின் கைபேசியிலும் அது இருக்கும் என்ற நிலையில், 'நம் ஆள்' என்பது தளத்தின் பாதுகாப்புக்குப் போதுமான வேலி என்று எனக்குத் தோன்றவில்லை. தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரைப் பற்றிய செய்தி வெளியாகும் முன்பே அவருடைய ஆட்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தால், முதலில் சந்தேகப்படுவது நிருபரை. பிளகினை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, ஒரே எழுத்து தளத்துக்குள் எத்தனை இடங்களில் படிந்திருக்கிறது என்பது. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு சேமிப்பின்போதும் பழைய வடிவத்தைத் திருத்தப் பிரதியாக வைத்துக்கொள்கிறது; இயல்பான அமைப்பில் இத்தனைதான் என்ற வரம்பு கிடையாது. ஆசிரியர் விவசாயிகளின் பெயர்களை எடுத்துவிட்டுச் செய்தியை வெளியிட்ட பிறகும், பெயர்களோடு இருந்த பழைய பிரதி அதே அட்டவணையில் தனி எண்ணோடு இருந்துகொண்டே இருக்கும். குப்பையில் போட்டது 30 நாள்கள் அங்கேயே கிடக்கும். தேடல் பிளகின்கள் செய்திகளின் சொற்களையெல்லாம் தங்களுக்கென்று வேறொரு அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்கின்றன. மூலத்தின் நிலை என்ன என்பதை ஒவ்வொரு தேடலிலும் மறுபடி பார்ப்பது அவற்றின் பொறுப்பு. 'ரெலவன்ஸி' என்ற தேடல் பிளகினின் 4.22.0க்கு முந்தைய பதிப்புகளில், உள்நுழையாத ஒருவர் தக்கபடி வடிவமைத்த கோரிக்கையை அனுப்பி வரைவையும் தனிப்பட்ட பதிவையும் படிக்க முடிந்தது (சிவிஇ-2023-7199). வாசகர்களின் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பும் பிளகின், 'வெளியானது' என்ற நிகழ்வுக்குப் பதிலாக 'சேமிக்கப்பட்டது' என்ற நிகழ்வோடு தன்னைக் கட்டிக்கொண்டிருந்தால், வரைவின் தலைப்பு வாசகர்கள் எல்லோருக்கும் போய்விடும். அதைத் திரும்பப் பெறவும் முடியாது.

கோப்புகளுக்கு 'வரைவு' நிலை கிடையாது

எழுத்துக்காவது நிலைக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. கோப்புகளுக்கு அதுவும் இல்லை. வரைவுக்குள் ஒரு படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ ஏற்றினால், ஏற்றிய அந்த நொடியிலேயே அது 'அப்லோட்ஸ்' கோப்புறையில் ஆண்டு, மாதம் என்ற வரிசையில் போய் அமர்ந்து, முகவரி தெரிந்த எவருக்கும் திறந்துவிடும். கோரிக்கை வேர்ட்பிரஸ் வரை போவதே இல்லை. சர்வர் கோப்பை நேரடியாக எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மறுநாள் காலை வெளியிட வேண்டிய கல்லூரித் தரவரிசைப் பட்டியலை முந்தைய நாள் மாலையே ஏற்றி, இணைப்பை மட்டும் போடாமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சென்ற ஆண்டுக் கோப்பின் பெயரில் ஆண்டை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து பார்க்கும் மாணவர் ஒருவர் வகுப்புக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறார்.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டான நிகழ்வு ஒன்று 2025 நவம்பர் 26 அன்று லண்டனில் நடந்தது. பிரிட்டனின் வரவுசெலவுத் திட்டத்தோடு, அந்நாட்டின் பொருளாதார நிலை பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை ஓ.பி.ஆர். என்ற சுயேச்சையான நிதி ஆய்வு அலுவலகம் வெளியிடுவது வழக்கம். நிதியமைச்சர் பேசி முடித்த பிறகே அது வெளியாக வேண்டும். அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பேச எழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே, காலை 11:35 மணிக்கு, அறிக்கை வெளியாளர் ஒருவரின் கணினியில் திறந்துவிட்டது. சந்தையை அசைக்கக்கூடிய எண்கள் செய்தி நிறுவனங்களின் வழியே பரவின. ஊடுருவல் எதுவும் இல்லை. மார்ச் மாத அறிக்கையின் முகவரியில் மாதத்தின் பெயரை மாற்றினால் நவம்பர் அறிக்கை வந்துவிட்டது. அலுவலகத்தின் தளம் வேர்ட்பிரஸில் இருந்தது. டிசம்பர் 1 அன்று வெளியான விசாரணை அறிக்கை இரண்டு குறைகளைச் சுட்டியது. கோப்புகளை நிர்வகிக்க வைத்திருந்த 'டவுன்லோட் மானிட்டர்' என்ற பிளகின், உள்நுழைவு எதையும் கேட்காத தெளிவான முகவரி ஒன்றைக் கோப்புக்கு உருவாக்கியிருந்தது. அந்தக் கோப்புறையை நேரடியாக அணுகுவதைத் தடுக்கச் சர்வர் மட்டத்தில் செய்திருக்க வேண்டிய அமைப்பும் செய்யப்படவில்லை. அன்றே அலுவலகத்தின் தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ் பதவி விலகினார்.

இதைப் பிளகினின் பிழை என்பதா, நிறுவியவரின் பிழை என்பதா? இத்தகைய பிளகின்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் கோப்புறையில் 'எச்டி-ஆக்சஸ்' என்ற சிறு கட்டளைக் கோப்பை எழுதி வைக்கின்றன. 'அப்பாச்சி' வகைச் சர்வர் அதைப் படித்து, நேரடியாக வருபவரைத் தடுக்கும். 'என்ஜின்எக்ஸ்' வகைச் சர்வர் அந்தக் கோப்பைக் கண்டுகொள்வதே இல்லை. அதில் தடுப்பை நாமே தனியாக எழுத வேண்டும். தளம் மெதுவாக ஓடுகிறது என்று ஹோஸ்டிங்கை மாற்றும்போது சர்வர் வகையும் மாறிவிடுவது சாதாரணம். தளம் பழையபடியே தெரியும், தடுப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். பிளகினின் ஆவணத்தில் இது எழுதியிருக்கிறது என்பதால் பொறுப்பு நிறுவியவருடையது என்று வாதிடலாம். பாதுகாப்பு இயங்கவில்லை என்பதை நிர்வாகத் திரையில் சிவப்பு எழுத்தில் சொல்லாத ஒரு பிளகினை அவ்வளவு எளிதாக விட்டுவிட எனக்கு மனமில்லை.

காப்புப் பிரதிப் பிளகின்களில் வரும் பிழை இதைவிடக் கனமானது, ஏனெனில் ஒரே கோப்பில் தரவுத்தளம் முழுதும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில், 30 லட்சம் தளங்களில் இருந்த 'அப்டிராஃப்ட்பிளஸ்' பிளகினில், வெறும் சந்தாதாரராகப் பதிவு செய்துகொண்ட எவரும் காப்புப் பிரதியைப் பதிவிறக்க முடியும் என்று கண்டறியப்பட்டது (சிவிஇ-2022-0633). திருத்திய பதிப்பைத் தளங்களில் கட்டாயமாக நிறுவும் அளவுக்கு அது தீவிரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வரைவுகள் மட்டுமல்ல, திருத்தப் பிரதிகள், வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகள், சிதைத்துச் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அப்படியொரு பிரதிக்குள் இருக்கும்.

4.3 என்ற மதிப்பெண்

பிழைகளின் தீவிரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் 'சிவிஎஸ்எஸ்' அளவுகோலில், பங்களிப்பாளர் கணக்கு வைத்திருப்பவர் பிறர் வரைவைப் படிக்க முடியும் என்ற பிழைக்கு வழக்கமாகக் கிடைப்பது பத்துக்கு 4.3; உள்நுழையாமலே படிக்க முடியும் என்றால் 5.3. இரண்டுமே 'நடுத்தரம்' என்ற பிரிவில் விழும். எதையும் மாற்ற முடியவில்லை, தளம் நிற்கவில்லை, கசிந்தது ஓரளவு தகவல்தான் என்பது அந்தக் கணக்கு. பிளகின் பட்டியலில் ஐந்தாறு புதுப்பிப்புகள் காத்திருக்கும்போது 9.8 என்று வந்ததை உடனே செய்துவிட்டு, நடுத்தரத்தைப் பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இதனால்தான்.

இந்த அளவுகோல் வரைவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. காவிரிப் படுகையின் ஒரு சிறு நகரத்தில், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பேசியவரின் பெயர் வெளியே போவது, தளமே இரண்டு நாள் முடங்கிக் கிடப்பதைவிடப் பெரிய சேதம் என்பதே என் கருத்து. சட்டமும் ஓரளவு இதே பக்கம் நிற்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளிப்படுத்துவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெரியவர்களின் அடையாளத்தைப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு காக்கிறது. காவல் நிலையத்திலிருந்து வந்த முதல் தகவல் அறிக்கையைப் பெயரோடு வரைவில் ஒட்டிவிட்டு, வெளியிடும் முன் பெயரை எடுத்துவிடலாம் என்று வைப்பது பல அலுவலகங்களின் அன்றாட வேலைமுறை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகளும் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

பிளகின்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பலவற்றை ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதுகிறார். தளத்தைச் செய்துகொடுத்தவர் தொகையை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணம் என்றால் உரிமையாளருக்குக் கசக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய பிளகினின் திருட்டுப் பிரதியை நிறுவியிருந்தால் புதுப்பிப்பே வராது. பாதுகாப்புக் காரணத்துக்காக வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து ஒரு பிளகின் நீக்கப்பட்டாலும், ஏற்கெனவே நிறுவிய தளங்களில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிர்வாகத் திரை அதை உரக்கச் சொல்வதில்லை.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது தொழில்நுட்பம் சார்ந்ததே அல்ல: தகவல் தந்தவரின் பெயர், காவல் துறை ஆவணம், ஆசிரியருக்கு எழுதும் குறிப்பு ஆகியவை வேர்ட்பிரஸுக்குள் எந்த நிலையிலும் நுழையக் கூடாது. செய்தியை வேறிடத்தில் எழுதி முடித்து, பெயரை எடுத்த பிறகே தளத்தில் ஒட்ட வேண்டும். அப்போது திருத்தப் பிரதியிலும் அது இருக்காது. நேரம் குறித்து வெளியிட வேண்டிய பிடிஎஃப் கோப்பை, அந்த நேரம் வந்த பிறகே ஏற்ற வேண்டும். முன்கூட்டியே ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஊகிக்க முடியாத பெயரைச் சூட்டலாம், ஆனால் அது இரண்டாந்தர ஏற்பாடுதான். பயன்படாத பிளகினை நிறுத்தி வைத்தால் போதாது, அழித்துவிட வேண்டும், ஏனெனில் நிறுத்தியதன் கோப்புகளும் சர்வரில் இருக்கின்றன, சிலவற்றை முகவரி வழியே நேரடியாக இயக்க முடியும். நிருபர்களுக்குத் தனித்தனிக் கணக்கு கொடுப்பதும், விலகியவரின் கணக்கை அன்றே மூடுவதும் ஒரு மணி நேர வேலை.

சோதித்துப் பார்ப்பதும் கடினமல்ல. எங்கும் வராத ஒரு சொல்லை, சொல்லப்போனால் பொருளற்ற ஓர் எழுத்துக்கோவையை, ஒரு வரைவிலும் கடவுச்சொல் போட்ட ஒரு பதிவிலும் எழுதிச் சேமிக்க வேண்டும். பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டி, 'மேலும் செய்திகள்' பொத்தான், தொடர்புடைய செய்திகள், செய்தியோடை (ஆர்எஸ்எஸ்) ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கி, நெட்வொர்க் பகுதியில் வரும் பதில்களில் அந்தச் சொல் எங்கேனும் தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தக்கபடி வடிவமைத்த கோரிக்கைகளால் மட்டுமே வெளிப்படும் பிழைகளை இந்தச் சோதனை காட்டாது. தானாகவே ஒழுகும் பிழைகளைக் காட்டிவிடும். இதைச் சொந்தத் தளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். பக்கத்து ஊர்த் தளத்தில் செய்து பார்ப்பது, நோக்கம் நல்லதாக இருந்தாலும், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளுக்குள் கொண்டுபோய் விடலாம்.

கசிந்துவிட்டது என்று தெரிந்தால், பிளகினை அழிப்பதோடு, இடைத்தேக்கத்தில் (கேஷ்) தங்கிய பிரதிகளையும் நீக்க வேண்டும். தேடுபொறியில் ஏறியிருந்தால் அங்கும் விண்ணப்பிக்க வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, தரவுக் கசிவு போன்ற நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், சர்வர்களின் பதிவேடுகளை (லாக்) 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. லண்டன் அலுவலகத்தால் தன் அறிக்கை எத்தனை மணிக்கு முதலில் திறக்கப்பட்டது, மொத்தம் 43 முறை எடுக்கப்பட்டது என்றெல்லாம் சொல்ல முடிந்தது அந்தப் பதிவேட்டால்தான். சிறு தளங்கள் வாங்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில், சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகத் திரையிலுள்ள 'ரா ஆக்சஸ்' பகுதிக்குப் போய், பதிவேட்டைச் சேமிக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். பழைய மாதப் பதிவேட்டை அழிக்கும் கட்டத்தில் குறி இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டும் செய்யாத தளத்தில், கமிஷன் செய்தியின் வரைவை யார், எப்போது படித்தார்கள் என்று அந்த மூன்று விவசாயிகளில் ஒருவர் வந்து கேட்டால், ஆசிரியரிடம் காட்டுவதற்கு ஒரு வரியும் இருக்காது.